செம்புரை மேட்டில் எந்த மரம்? தைல மரமும் அதன் போட்டியாளர்களும்

சித்தப்பாவுக்கு ஆலங்குடிப் பக்கம் நான்கு ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. வரகும் கடலையும் விளைந்த இடம் என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் சரளையும் ஆவாரஞ்செடியும்தான். கடப்பாரையால் குத்தினால் சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே 'ணங்' என்கிறது. கீழே செம்புரைப் பாறை, துளை துளையான சிவப்புக் கல். "ஆள் வைத்து வெள்ளாமை செய்ய இனி என்னால் ஆகாது, விற்கவும் மனம் வரவில்லை. மரம் ஏதாவது வைத்துவிடலாமா தம்பி?" என்று போன ஆடியில் கேட்டார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் வரும் பதில், ஆர்.எஸ்.பதி. தைல மரத்துக்கு, அதாவது யூகலிப்டஸுக்கு, எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் இந்தப் பெயர்தான் வழக்கு. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இந்த மாவட்டத்தில் பெரும் பரப்பில் இதை வளர்த்துக் காகித ஆலைகளுக்குக் கூழ் மரமாக விற்றுவருகிறது. அதைப் பார்த்துத் தனியாரும் நட்டார்கள். "ஆர்.எஸ்.பதி வந்த பிறகுதான் கண்மாய் வறண்டது" என்பதும் அதே ஊர்களில் கேட்கிற பேச்சுதான். இரண்டையும் ஒரே ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவர் தோப்பில் நின்றுகொண்டே.

எனவே ஆளுக்கொரு மரத்தைச் சிபாரிசு செய்த உறவினர்களை எல்லாம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, இந்த நிலத்துக்கு ஏதாவது பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மலைவேம்பை முதலிலேயே கழித்துவிடலாம். ஒட்டுப்பலகை ஆலைகள் விரும்பி வாங்கும் மரம், ஆறேழு ஆண்டில் பருத்துவிடும். ஆனால் அதற்கு நல்ல மண்ணும் பாசனமும் வேண்டும். விளம்பரப் படங்களில் நெடுநெடுவென்று நிற்கும் மலைவேம்பெல்லாம் சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவை. சரளை மேட்டில் வைத்தால் குச்சியாகவே நிற்கும்.

உண்மையான போட்டி சவுக்குக்கும் தைல மரத்துக்கும்தான். சவுக்கின் பக்கம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரி காற்றிலிருக்கும் தழைச்சத்தை இழுத்து நிறுத்துகிறது. வெட்டிய நிலத்தில் அடுத்து கடலை போடலாம். மூன்று, நான்கு ஆண்டுகளில் அறுவடை. காகித ஆலை விலையைக் குறைத்தால் சாரக்கம்பாகவும் பந்தல் காலாகவும் விற்கலாம். இந்த இரண்டாவது சந்தையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தேர்தல் நேரத்திலும் முகூர்த்த மாதங்களிலும் சவுக்குக் கம்புக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட குளோன் கன்றுகள், அதாவது விதையில்லாமல் தேர்ந்த தாய் மரத்தின் தண்டிலிருந்தே எடுத்த கன்றுகள், வந்த பிறகு தோப்பு ஒரே சீராகவும் வளர்கிறது.

குறை என்ன? சவுக்கு கடற்கரை மணலின் பிள்ளை. உள்நாட்டு வறண்ட மேட்டில் முதல் இரண்டு கோடைக்காவது தண்ணீர் காட்டினால்தான் பிழைக்கும். வெட்டிய கட்டையிலிருந்து நம்பிக்கையாகத் துளிர்க்காது. ஒவ்வொரு முறையும் புதுக்கன்று, புதுக்கூலி. நெருக்கி நடுவதால் ஏக்கருக்கு இரண்டாயிரம், நான்காயிரம் கன்று என்று கணக்கு ஏறுகிறது. இளம் கன்றை ஆடு மாடு மேய்ந்தும் விடும். சித்தப்பாவின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறும் இல்லை, வேலியும் இல்லை.

தைல மரம் வெல்வது இங்கேதான். அதன் இலையை ஆடு தொடாது. ஐப்பசி மழையில் நட்டுவிட்டு, ஓராண்டு களையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். குளோன் கன்று ஐந்தாண்டில் வெட்டுக்கு வரும், விதைக்கன்று ஏழெட்டு ஆண்டில். வெட்டிய அடிக்கட்டை தானே துளிர்விடும். ஒரு முறை நட்டால் மூன்று வெட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது தென்னை வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். தைலத் தோப்புகளும் முறிந்து கிடந்தன. ஆனால் முறிந்ததை வெட்டி எடுத்த கட்டைகளில் அடுத்த மழைக்குத் துளிர் நின்றது.

சரி, தண்ணீர்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு தைல மரம் நாளுக்கு ஐம்பது லிட்டர் குடிக்கும், நூறு லிட்டர் குடிக்கும் என்று மேடையில் பேசுகிறார்கள். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு மரத்துக்கு நாலரைச் சதுர மீட்டர் நிலம். ஆண்டு மழை 900 மி.மீ. என்று வைத்தால், அந்த இடத்தில் விழுவது 4,050 லிட்டர். அத்தனையும் ஒரு சொட்டு வீணாகாமல் மரத்துக்கே போனாலும் நாளுக்குப் பதினொரு லிட்டர்தான். மண்ணுக்கடியில் வேறு சேமிப்பு இல்லையென்றால், அதற்கு மேல் குடிக்க எந்த மரத்தாலும் முடியாது.

அந்த 'இல்லையென்றால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இயன் கால்டர் என்ற பிரிட்டிஷ் நீரியல் அறிஞர் கர்நாடக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1980களின் பிற்பகுதியிலிருந்து இதை நிலத்திலேயே அளந்தார். மண் சுமார் மூன்று மீட்டர் ஆழமே இருந்த இடத்தில் தைலத் தோப்பு, பக்கத்து இயற்கைக் காட்டைவிட அதிகமாகக் குடிக்கவில்லை. இரண்டும் ஏறக்குறைய பெய்த மழையைத்தான் குடித்தன. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் மண் ஆழமாக இருந்தது. அங்கே தோப்பு அந்தந்த ஆண்டு மழையையும் தாண்டிக் குடித்தது. வேர் ஆண்டுதோறும் கீழே கீழே இறங்கி, பல மழைக்காலங்கள் சேர்த்து வைத்த ஈரத்தை எடுத்தது. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை போட்டதன் பின்னால், கோலார் பக்கத்து விவசாயிகள் வறண்ட கிணறுகளைக் காட்டிச் சொன்ன புகார்களும் இருந்தன.

ஆக, "தைல மரம் தண்ணீரை உறிஞ்சுமா?" என்ற கேள்விக்கு மரத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, குழி வெட்டித்தான் சொல்ல முடியும். ஆழமான செம்மண்ணில், கிணற்றடியில், கண்மாய்க் கரையோரம் இதை வைப்பவரை நான் தடுப்பேன். பாறை மேலாக இருக்கும் மேட்டில் அதே வாதத்தைச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெய்கிற மழை முழுவதையும் குடிக்கிற மரம், கீழே கசிவுக்கு எதையும் மிச்சம் வைக்காது. தரிசாகக் கிடந்தபோது சரிவில் ஓடிய தண்ணீர் இனி அந்த அளவுக்கு ஓடாது.

எங்கள் பக்கத்தில் அந்த ஓட்டத்தை மறித்தது வேர் மட்டும் அல்ல. தோப்புக்குள் மழையைப் பிடித்து வைக்க இயந்திரத்தால் நீள நீளமாக அகழி வெட்டி வரப்புப் போடும் வழக்கம் வந்தது. கன்றுக்கு நல்லதுதான். ஆனால் கீழே இருக்கிற கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி எது? அந்தச் சரிவுதானே! கண்மாய் நிரம்பாததற்கு மரத்தைத் திட்டும் ஊர்க்காரர்கள், இந்த வரப்புகளைப் பற்றியும் நெடுங்காலமாகப் புகார் சொல்கிறார்கள். அந்தப் பாதிப் புகாரை யாரும் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்பது என் எண்ணம். மரத்தை வெட்டினாலும் வரப்பு நின்றால் கண்மாய்க்குத் தண்ணீர் போகாது.

அடுத்து சீமைக் கருவேலம். பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள். நீதிமன்றம் வரை போய், அகற்றச் சொல்லி உத்தரவு வாங்கிய மரம். நடச் சொல்லவில்லை, நடவும் கூடாது. ஆனால் ஒப்பீடு என்று வந்தால் நேர்மை வேண்டும். ராமநாதபுரத்து உப்புக் கரிசலில் தைலமும் சவுக்கும் திணறும் இடத்தில் செலவே இல்லாமல் நிற்பது அதுதான். கமுதிப் பக்கம் கரி மூட்டம் போடுபவர்கள் நிலத்தைப் பேசி எடுத்து, வெட்டி, அடுக்கி, தழை மூடி, ஈர மண் பூசி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரியாக அள்ளிப் போகிறார்கள். நிலத்துக்காரர் கன்றுக்கு ஒரு காசு போட்டதில்லை. ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் நிலமென்றால், கடன் வாங்கி வேரோடு பிடுங்குவதற்கு முன் ஒருமுறை கரிக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். சித்தப்பா நிலத்தில் அது இல்லை. இல்லாத இடத்துக்குக் கொண்டுவருபவரை ஊரில் சேர்க்கக் கூடாது.

ஆச்சா, வெள்வேல் போன்ற நம் வறட்சி மரங்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பாறை இடுக்கிலும் வேர் விடும். ஆச்சாத் தழையும் வெள்வேல் நெற்றும் ஆட்டுக்குத் தீனி. ஆனால் வெட்டி விற்க அரை ஆயுள் காத்திருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. வேலியோரம் வைக்கலாம் என்றேன். "யார் தண்ணீர் ஊற்றுவது?" என்றார்.

முந்திரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆலங்குடி வட்டாரத்துக்கு அது புதிதல்ல. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டு ரகங்கள் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்குகின்றன. ஆண்டுதோறும் காசு, வெட்டவும் வேண்டாம். பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டும், கோடையில் பழம் பொறுக்க ஆள் வேண்டும், காவல் வேண்டும். நிலத்தோடு வாழ்கிறவருக்கான பயிர் அது. கொஞ்சம் ஆழமான மண்ணும் கேட்கும்.

விற்பனையைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றி ஓர் ஆலைக்கு அனுப்பினோம். வாசலில் வரிசை. சித்திரை வெயிலில் இரண்டு நாள் லாரி நின்றது. மரம் என்பது பாதி தண்ணீர். டன் கணக்கில் காசு வாங்கும்போது, உலர்கிற ஒவ்வொரு மணி நேரமும் நம் பணம்தான் ஆவியாகிறது. ஏற்றிய ஊரில் போட்ட எடைச் சீட்டுக்கும் ஆலை எடைமேடைச் சீட்டுக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசவில்லை. வாடகைக்கு நின்ற டிரைவருக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்தார். தைலமோ சவுக்கோ, கூழ் மரம் வளர்ப்பவர் எல்லோருக்கும் இந்த நஷ்டம் பொது. வெட்டும் தேதியை ஆலையின் அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பட்டை உரிப்பதையும் நிலத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. தைல மரப் பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதையும் இலையையும் அங்கேயே பரப்பிவிட்டால், மரம் எடுத்ததில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பும். கொளுத்திவிடுபவர்கள்தான் மூன்றாம் வெட்டில் "விளைச்சல் சுருங்கிவிட்டது" என்று புலம்புகிறார்கள். கன்று வாங்கும்போது இலைக்காம்பில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தலைகாட்டிய ஒரு சின்னக் குளவியின் வேலை அது. நாற்றங்காலிலேயே வந்துவிட்டால் அந்தக் கன்று தேறாது.

கடைசியில், குழி வெட்டிப் பார்த்தோம். மேல்புறம் மூன்று ஏக்கரில் பாறை மேலாக இருந்தது. அங்கே அகழியும் வரப்பும் இல்லாமல் தைல மரம். கண்மாயை நோக்கிச் சரியும் கீழ் ஏக்கரில் கடப்பாரை தடையில்லாமல் இறங்கியது. அங்கே தைலம் கூடாது, ஒட்டு முந்திரி வைக்கலாம் என்றேன். பழம் பொறுக்க மட்டுமாவது பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்று அதற்குச் சித்தி உடனே ஒப்புக்கொண்டார்.

சித்தப்பா மட்டும் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று வெட்டு முடிந்து, துளிர் ஓய்ந்து, கட்டைகள் மட்டும் பூமியில் நிற்கும்போது, அத்தனையையும் பிடுங்க ஜேசிபிக்கு என்ன ஆகும்? கன்று விற்கிறவர்கள் யாரும் அந்தச் செலவை வாயைத் திறந்து சொல்வதில்லை. பக்கத்து ஊரில் போன மாதம் கட்டை பறித்த ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறோம்.