வெயிலைப் பிடித்து வைக்கும் மூலக்கூறுகள்: நார்போர்னடையீனா, அசோபென்சீனா?

வெயில் பட்டதும் வடிவம் மாறி, அந்த மாற்றத்துக்குள்ளேயே ஆற்றலை அடக்கி வைத்து, வேண்டும்போது சூடாகத் திருப்பித் தரும் மூலக்கூறுகளில் முன்வரிசையில் நிற்பவை இவை இரண்டும்.

எடைக்கு எவ்வளவு என்று கேட்டால் போட்டியே கிடையாது. நார்போர்னடையீன் வெயிலில் குவாட்ரிசைக்கிளேன் என்ற ஆற்றல் ஏறிய வடிவமாக மாறும்போது கிலோவுக்குச் சுமார் 0.97 மெகாஜூல் சேமிக்கிறது. அசோபென்சீனுக்கு 0.27 தேறினால் அதிகம். தண்ணீரை 60 டிகிரி சூடேற்றினாலே 0.25 வந்துவிடும்!

ஆனால் அந்த 0.97-இல் ஒரு வில்லங்கம் உண்டு. வெறும் நார்போர்னடையீன் 300 நானோமீட்டருக்கும் குறைந்த புற ஊதாவைத்தான் உறிஞ்சும். அது தரைக்கு வந்து சேர்வதே அபூர்வம். உறிஞ்சும் எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிப்பக்கம் நகர்த்தப் பக்கக்கிளைகளாக வேறு அணுக்கூட்டங்களை ஒட்டுகிறார்கள். மூலக்கூறு கனக்கிறது, கிலோக் கணக்கு பாதிக்கும் கீழே போகிறது.

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் காஸ்பர் மோத்-பௌல்சன் குழு செய்ததைச் செய்திகள் "63 டிகிரி சூடு, 18 ஆண்டு சேமிப்பு" என்று ஒரே மூச்சில் சொல்கின்றன. அவை வெவ்வேறு மூலக்கூறுகள். ஆற்றலை வெளிவிடத் தூண்டும் கோபால்ட் வினையூக்கியைத் தொட்டு 63 டிகிரி ஏற்றிய நார்போர்னடையீனின் சேமிப்பு கிலோவுக்கு 0.4 மெகாஜூல், அரைவாழ்வு (சேமித்ததில் பாதி தானாகக் கசியும் காலம்) 30 நாள். 18 ஆண்டு அரைவாழ்வு அதன் உறவுக்கார மூலக்கூறுக்கு உரியது. ஒரே புட்டியில் இரண்டும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அசோபென்சீனின் குறை வேறு. புற ஊதா அதில் ஆற்றலை ஏற்றி வைக்கும். நீல ஒளி பட்டால் அது இறங்கிவிடும். வெயிலில் இரண்டுமே இருப்பதால் முழுசாக ஏறாது. சும்மா வைத்தாலும் சில நாளில் ஆற்றல் கசிந்துவிடும். இருந்தும் எனக்கு இதன்மேல் ஒரு பிரியம்: மலிவானது, சாயத்தொழிலுக்குப் பழகியது, மெல்லிய படலமாகப் பூச முடியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இப்படிப் படலம் செய்து, சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி சூடு காட்டினார்கள். காரின் கண்ணாடியில் படியும் பனியை உருக்க அது போதும்.

டைஹைட்ரோஅசுலீன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒளி பட்டு அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது, ஆனால் சேமிப்பு அசோபென்சீனிலும் பாதிதான்.

மாதக்கணக்கில் வைக்க நார்போர்னடையீன், படலத்துக்கு அசோபென்சீன் என்பது என் தேர்வு. அன்றாடக் குளியலுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம். சால்மர்ஸ் குழுவே 2017-இல் மேலே மூலக்கூறுத் திரவம், கீழே தண்ணீர் என்று ஒரே தகட்டில் ஓடவிட்டுப் பார்த்தது. மூலக்கூறு வெயிலில் அதிகபட்சம் 1.1 சதவீதத்தைச் சேமித்தது. தண்ணீர் 80 சதவீதம் வரை சூடாக வாங்கிக்கொண்டது.