மாஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்கலாமா, இன்ஜின் போனால் வேறு இன்ஜின் போடலாமா?

பிரிட்டனில் செகண்ட் ஹேண்டில் இன்று குறைந்த காசுக்குக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று. விலையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் பானெட்டுக்குக் கீழே இருக்கும் ரோட்டரி இன்ஜின்தான். என்னிடம் இருப்பது 231 குதிரைத்திறன், ஆறு கியர் மாடல். ஒருமுறை இன்ஜினை இறக்கி முழுதாக வேலை பார்த்தாயிற்று, அப்படியும் இதை விற்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வாங்க நினைப்பவர்களுக்கும், இன்ஜின் போய்விட்டது, பேசாமல் வேறு இன்ஜினைப் போட்டுவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நம்மூரில் மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு இன்ஜினும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் ஓட்டிப் பார்த்தால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 1.3 லிட்டர்தான், டர்போ கிடையாது, ஆனால் முள் 9000 ஆர்பிஎம் வரை ஏறும், ஏற ஏற இன்ஜின் திணறாமல் இன்னும் மிருதுவாகும், சிவப்புக் கோட்டை நெருங்குவதே தெரியாது என்பதால் கியர் மாற்றச் சொல்லி ஒரு பீப் சத்தம் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் வேலையே இதில் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, அவற்றைத் தாங்கும் தண்டு ஒன்று, முக்கியமாகச் சுற்றுவது அவ்வளவுதான். வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. தண்டு 9000 சுற்று சுற்றும்போது ரோட்டர் 3000 சுற்றுதான் சுற்றுகிறது. இன்ஜின் சின்னது என்பதால் முன் சக்கர அச்சுக்குப் பின்னால், தாழ்வாக வைக்க முடிந்திருக்கிறது, காரின் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். பின் சீட்டில் இரண்டு பெரியவர்கள் உட்காரலாம், கதவுகளும் எதிரெதிராகத் திறக்கும். இந்த விலைக்கு இப்படித் திரும்பும் வேறு நாலு சீட் கார் எனக்குத் தெரியாது.

குறை என்றால் இழுவைதான். 211 நியூட்டன் மீட்டர், அதுவும் 5500 ஆர்பிஎம்மில்தான் வரும். தாழ்ந்த வேகத்தில் மிதித்தால் ஒன்றுமே நடக்காது. பெட்ரோலும் குடிக்கும், கம்பெனி கணக்கிலேயே கேலனுக்கு 25 மைல் பக்கம்தான், ஊருக்குள் ஓட்டினால் இருபதைத் தாண்டுவதே கஷ்டம்.

இனி இன்ஜின் ஏன் போகிறது என்பதற்கு வருவோம். ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய பட்டை இருக்கும், பக்கங்களில் சைடு சீல், சந்திக்கும் இடத்தில் கார்னர் சீல். பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இவை செய்கின்றன. 1960-களில் மாஸ்டா தன் முதல் ரோட்டரி காரான காஸ்மோவை உருவாக்கும்போது பொறியாளர் யாமமோட்டோ கெனிச்சியின் குழு போராடியதும் இதே சீலோடுதான், ரோட்டரைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங்கின் உட்சுவரில் சீல் அதிர்ந்து அதிர்ந்து வரிவரியாகக் கீறியது, கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் வந்த பிறகுதான் அது அடங்கியது, 1967-இல் கார் விற்பனைக்கு வந்தது. அதே வழியில் வந்த இன்ஜின்தான் 1991-இல் மாஸ்டாவின் 787பி பந்தயக் காரில் நாலு ரோட்டராக லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. ஒரு நாள் முழுக்கப் பந்தய வேகத்தில் ஓடித் தாங்கிய இன்ஜினை, எடுத்த எடுப்பில் உடைந்துபோகும் சாமான் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சீலுக்கு ஆயில் வேண்டும். அதனால் இந்த இன்ஜின் தன் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்து எரிக்கிறது, வடிவமைப்பே அப்படித்தான். ஆயிரம் மைலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டு, பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பார்க்காத முதல் ஓனரிடமிருந்து வந்த கார்தான் பெரும்பாலும் சந்தையில் மலிவாக நிற்கிறது. அடுத்தது இக்னிஷன் காயில். நாலு காயில், நாலு பிளக், முதலில் தீப்பொறி விடுவதற்கு ஒரு வகை பிளக், சற்றுப் பிந்தி விடுவதற்கு வேறு வகை. காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அது சூடாகி உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும், வெளியேற வழியில்லாத வெப்பம் திரும்பி இன்ஜினைத் தாக்கும். இந்தக் காரில் இருக்கும் ரெனிசிஸ் இன்ஜினில் புகை வெளியேறும் வழி பக்கத் தட்டில் இருக்கிறது, அதனால் முதலில் அடிவாங்குவது சைடு சீலும் அதன் ஸ்பிரிங்கும். ஆகவே 30,000 மைலுக்கு ஒருமுறை நாலு காயிலையும் மாற்றிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு இன்ஜின் வேலையின் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது.

இன்னொன்று, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காரைப் பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைக்கக் கூடாது. மிச்சப் பெட்ரோல் சீலில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் உருவாகும் அழுத்தம், இறங்கி, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள், பெட்ரோல் வருவது நின்று உள்ளே இருப்பது வெளியேறும்.

வாங்கும்போது கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் பேச்சே வேண்டாம். சாதாரணக் கருவி இதற்கு உதவாது, ஒரு ரோட்டருக்கு மூன்று அறை, மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கருவி வேண்டும். 250 ஆர்பிஎம் கணக்கில் மாஸ்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு 680 கிலோ பாஸ்கல், நல்ல இன்ஜின் என்றால் 830 பக்கம் காட்டும். கருவி இல்லாத இடத்தில் காரை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, சில நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் கார் என்றால் இன்ஜின் வேலைக்குப் பணம் தனியாக எடுத்து வையுங்கள்.

அந்த வேலையைப் பற்றி. ரோட்டரி மட்டுமே பார்க்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பொதுவான மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, சைடு சீலை ஒவ்வொன்றாக அராவி ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்துப் போடும் பழக்கம் அவருக்கு இருக்காது. எவ்வளவு ஆகும் என்பதற்கு முன்னால், பழைய ஹவுசிங்கையும் பக்கத் தட்டுகளையும் மாற்றுவீர்களா, அதையே திரும்பப் போடுவீர்களா என்று கேளுங்கள். குரோம் உரிந்த ஹவுசிங்கில் புது சீல் போட்டால் அது சீக்கிரமே தேய்ந்துவிடும், மலிவாக ரீபில்ட் செய்து விற்கப்படும் இன்ஜின்களில் இதுதான் நடக்கிறது. என் காருக்கு வேலை பார்த்த பட்டறையில் இன்ஜினைப் பிரித்து மேஜையில் பரப்பி, எது தேறும் எது தேறாது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள், பில் காரின் விலையைத் தாண்டியது, ஆனாலும் முடிந்த கையோடு கம்ப்ரஷன் எண்களை எழுதிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கும் இடத்துக்கே போங்கள்.

சரி, இந்தப் பணத்துக்கு வேறு இன்ஜின் போடலாமே? போடுகிறார்கள். இதற்கு முந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7 எஃப்டியில் செவர்லேயின் எட்டு சிலிண்டர் எல்எஸ் வி8 இன்ஜின் போடுவது அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். அலுமினிய பிளாக் என்பதால் பலர் பயப்படுவதுபோல் மூக்கு அவ்வளவு கனப்பதில்லை, இழுவையும் தாராளம், இதை நான் மறுக்கவில்லை. ஆர்எக்ஸ்-8-இல் ஹோண்டாவின் நாலு சிலிண்டர் கே சீரிஸ் இன்ஜின் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் காரில் இன்ஜினை உட்கார வைப்பது சுலபமான பாதி. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், மீட்டர் எல்லாம் இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்து கேன் பஸ் என்ற தகவல் ஒயர் வழியாகத் தகவல் வாங்கித்தான் வேலை செய்கின்றன, தகவல் வராவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். அதற்குத் தனி மின்னணுப் பெட்டி, இன்ஜின் மவுண்ட், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் என்று சேர்த்தால் ஒழுங்கான ரீபில்டை விட செலவு எங்கோ போகும், அப்புறம் வண்டிப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏவுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். பாதியில் நின்று, ஒயர்கள் தொங்கியபடி விற்பனைக்கு வரும் ஆர்எக்ஸ்-8-களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்ஜின் செத்து, பாடி மட்டும் நன்றாக இருந்து, தினமும் டிராக்கில் ஓட்டித் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் மாற்றுங்கள், நியாயம் இருக்கிறது. ரோட்டில் ஓட்டத்தான் என்றால் ரோட்டரியையே மறுபடி கட்டுங்கள். 9000-க்கு அந்த மிருதுவோடு ஏறும் இன்ஜினை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வசதியான ஒரு கூபே, அதற்கு இதைவிட நல்ல கார்கள் உண்டு.

எந்த வருடம் வாங்குவது? 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்றால் ரோடு டாக்ஸ் குறைவு, பிந்தைய 231-களுக்கு உச்ச வரி. 2008-க்குப் பிறகு வந்த புதுப்பித்த மாடலில் ஆயில் தெளிக்கும் முறையை மேம்படுத்தியிருக்கிறார்கள், அதிலும் ஆர்3 என்ற ஸ்போர்ட்ஸ் வகை கிடைத்தால் வரியைப் பார்க்காதீர்கள். 192 குதிரைத்திறன் மாடல் 7500-லேயே நின்றுவிடும், விலை வித்தியாசமும் பெரிதில்லை, அதை விட்டுவிடலாம். தினமும் இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஸ்டேஷனுக்குப் போய் வரத்தான் கார் என்றால் எந்த வருடமும் வேண்டாம்.