பாடிய புயலும் பாடாத அடுத்ததும்

ராயபுரத்தில் கானாவும் மேளமும் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஒரு குழு குரலையும் டிரம்ஸையும் சேர்த்ததற்கா இவ்வளவு சண்டை என்றுதான் முதலில் தோன்றியது.

பாட்டில்லாத சிந்தசைசர் இசைக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் எலக்ட்ரானிக் குழு டாஞ்சரின் டிரீம், 1978-இல் 'சைக்ளோன்' ஆல்பத்தில் ஸ்டீவ் ஜாலிஃபைப் பாடவைத்தது. டிரம்ஸுக்கு கிளவுஸ் க்ரூகர். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில், சிந்தசைசர் மெல்லக் கட்டும் வெளியில் குரல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. புல்லாங்குழல் மட்டும் அழகு. இரண்டாம் பக்கத்தில் யாரும் பாடுவதில்லை; இருபது நிமிடம் ஓடுவதே தெரியாது.

1979-இல் வந்த 'ஃபோர்ஸ் மஜூர்' ஆல்பத்தில் ஜாலிஃப் இல்லை, குரலும் இல்லை. க்ரூகர் இருக்கிறார். பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணனிடம் இதைப் போட்டுக் காட்டினேன். தோலைச் சுண்டிப் பார்த்தபடியே, "இது மனிதக் கை, தம்பி. மெஷின் பின்னால் ஓடவில்லை, பக்கத்தில் நடக்கிறது" என்றார்.

'சைக்ளோன்' துணிச்சலானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போடுவது 'ஃபோர்ஸ் மஜூர்' ஆல்பத்தைத்தான். புதிதாகக் கேட்பவர்களுக்கும் அதையே கொடுப்பேன். 'சைக்ளோன்' வேண்டுமென்றால் இரண்டாம் பக்கத்தில் தொடங்கட்டும்.