கருமணலும் செம்மண்ணும்: ஒரே டிடெக்டரில் இரண்டையும் சமாளிக்க எது தோது?

காரைக்குடிப் பக்கம் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவருக்கு இரண்டு மண்ணோடு மல்லுக்கட்டு. வீட்டுக் கொல்லையில் செம்பூராங்கல் கலந்த செம்மண். தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டிக் கடற்கரை. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம். தென்கோடி வரை போனால் மணவாளக்குறிச்சியின் கருமணல். மண்ணுக்கு ஒரு கருவி வாங்குவது யாருக்கும் கட்டாது. ஒன்றே ஒன்று என்றால் எது? நாங்கள் எடுத்தது பல அதிர்வெண் கருவி. கீழே வரும் அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

களத்தில் மூன்று வகை. (வி.எல்.எஃப். என்றால் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை இடைவிடாமல் அனுப்பும் கருவி.) ஒற்றை அதிர்வெண் வி.எல்.எஃப். (15 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கேரட் ஏ.டி. புரோ போன்றவை), பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் வி.எல்.எஃப். (மைன்லேப் எக்வினாக்ஸ் 800, நோக்டா லெஜண்ட்), பல்ஸ் இண்டக்‌ஷன் எனப்படும், விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பி.ஐ. (கேரட் சீ ஹண்டர் மார்க் 2). தண்ணீர் புகாமை, எடை, ஹெட்போன் இதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். முழங்கால் ஆழத்தில் தேட மூன்றுமே போதும்; முக்குளிக்கிறவருக்கு மட்டும் 65 மீட்டர் வரை தாங்கும் சீ ஹண்டர்.

கருமணல் கருவியை ஏன் அலற வைக்கிறது? அதிலுள்ள இரும்புத் தாது காயிலின் (தரைக்கு மேல் வீசும் வட்டத் தட்டின்) காந்தப்புலத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. கடல் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் வேறு கட்டத்தில் (ஃபேஸில், அதாவது அலை சற்றுத் தள்ளி வரும் நிலையில்) இன்னொரு சிக்னலைத் தருகிறது. கிரவுண்ட் பேலன்ஸ் என்பது இந்தக் கட்டம் ஒன்றைப் பிடித்து அமுக்கும் வேலைதான். நோக்டா கருவிகளின் அளவுகோலில் மேல் பக்கம் காந்தத் தன்மை கூடிய மண். கீழ்ப் பக்கம் ஈர உப்பு மணல். ஒன்று மேலே இழுக்க, ஒன்று கீழே இழுக்கிறது. ஒற்றை அதிர்வெண் கருவி ஏதாவது ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். காய்ந்த மணலில் அழகாக வேலை செய்துவிட்டு, அலை நனைத்த சரிவில் இறங்கியதும் அது பிதற்றுவது இதனால்தான். அதிர்வெண் கூடக்கூட உப்பின் கூச்சலும் கூடும் என்பது 15 கிலோஹெர்ட்ஸுக்கு இன்னொரு பாதகம்.

இடையில் ஒன்று. மணல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலின் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்ற தாதுவுக்கு. அதைக் காந்தம் லேசாகத்தான் இழுக்கும். தொல்லை தருவது காந்தம் பலமாக இழுக்கும் இரும்புத் தாதுவான மாக்னடைட். பழைய ஸ்பீக்கரின் சாதாரணக் காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள். தாடி முளைத்த மாதிரி ஒட்டினால் மாக்னடைட் தாராளம். நான்கைந்து மணிகள் மட்டும் என்றால் கருவி அதிகம் சிணுங்காது. நியோடிமியம் காந்தம் இதற்கு ஆகாது, இல்மனைட்டையும் சேர்த்து இழுத்துக் குழப்பிவிடும். தொண்டியில் கதையே வேறு: பாக் விரிகுடாவின் அமைதியான கரை, வண்டல் சேறு, உப்பு. அங்கே இரும்பைவிட உப்பைத்தான் சமாளிக்க வேண்டும்.

பல அதிர்வெண் கருவி ஒரே வீச்சில் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களின் பதில்களை ஒப்பிட்டு உப்பையும் இரும்பையும் தனித்தனியாகக் கழித்துப் பார்க்கிறது. ஆனால் பீச் மோடைத் தட்டிவிட்டு நடந்தால் பாதிப் பலன்தான். சரிசெய்யும் முறை இது.

முதலில் நாய்ஸ் கேன்சல், அதாவது சுற்றுப்புற மின்சார இரைச்சலை விலக்குவது. காயிலை அசையாமல் பிடித்து, செல்போனை அணைத்துவிட்டுச் செய்யவும். அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் எதுவும் இல்லாத ஓர் அடி இடத்தை ஆல் மெட்டலில் (எந்த உலோகத்தையும் ஒதுக்காத மோடில்) துழாவித் தேர்ந்துகொள்ளுங்கள். ஆணி புதைந்த இடத்தில் பேலன்ஸ் செய்தால் கருவி ஆணியையே மண் என்று நினைத்துக்கொள்ளும். காயிலைத் தரைக்கு இணையாக 30 செ.மீ. உயர்த்தி, 3 செ.மீ. வரை இறக்கி, தொடாமல் மீண்டும் உயர்த்துங்கள். நான்கைந்து முறையில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி ஒன்றாகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் கையால் திருத்த வேண்டும். நோக்டாவில் கூரிய ஒலி வந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும், தடித்த ஒலி வந்தால் கூட்ட வேண்டும். திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

அதற்குப் பிறகு சென்சிட்டிவிட்டி, அதாவது கருவியின் உணர்திறன். எல்லோரும் தவறுவது இங்கேதான். கனிமம் கூடிய மணலில் கூட்டினால் ஆழம் கூடாது, மண்ணின் சத்தம்தான் கூடும். எக்வினாக்ஸ் 800இல் 25 வரை போகலாம், பெட்டியிலிருந்து வருவது 20. கருமணலில் 15, 16 வரை இறக்கிப் பாருங்கள். சோதனைக்கு ஒரு வெள்ளி மெட்டியை 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, 20இலும் 16இலும் வீசிக் கேட்டால் எதில் தெளிவு என்பது காதுக்கே தெரிந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால் காயிலை மூன்று நான்கு செ.மீ. தூக்கி வீசலாம், அல்லது 6 அங்குலக் காயிலுக்கு மாறலாம். சின்னக் காயில் பார்க்கும் மண்ணும் குறைவு, சத்தமும் குறைவு.

ஆட்டோ டிராக்கிங் (மண் மாற மாறக் கருவியே பேலன்ஸைத் திருத்திக்கொள்வது) நல்ல வசதிதான், ஆனால் விவரமாகப் பயன்படுத்த வேண்டும். மங்கலான ஒரு சிக்னல் மேல் ஏழெட்டு முறை திரும்பத் திரும்ப வீசினால் அதையும் மண்ணோடு சேர்த்து அது விழுங்கிவிடும். இடத்தைக் குறி பார்க்கும்போது டிராக்கிங்கை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, கருமணல் பட்டை பட்டையாகக் கரைக்கு இணையாகவே படியும். நீரை நோக்கி மேலும் கீழும் நடந்தால் பத்தடிக்கு ஒரு பேலன்ஸ் தேவைப்படும். கரையோடு இணையாக நடந்தால் ஒரு பட்டைக்கு ஒரு முறை போதும். வீச்சின் இரு முனையிலும் காயிலைத் தூக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உயரம் மாறினாலே மண் குரல் கொடுக்கும்.

இப்போது பி.ஐ. நேர்மையாகச் சொன்னால் கருமணலில் இதற்கு இணையில்லை. ஒரு துடிப்பை அனுப்பி, பத்துப் பதினைந்து மைக்ரோ நொடி காத்திருந்து, பிறகுதான் காது கொடுக்கிறது. அதற்குள் மாக்னடைட்டின் பதிலும் முடிந்துவிடும், உப்புநீரின் பதிலும் அடங்கிவிடும்; உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் மட்டும் மிச்சம். பேலன்ஸ் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. வருடம் முழுக்கக் கருமணல் கரையிலேயே தேடுகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு பி.ஐ. வாங்கலாம்.

நம் ஊருக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் செம்மண். செம்பூராங்கல் வகை மண்ணில் மாக்கமைட் என்ற இரும்பு ஆக்சைடு மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். துடிப்பு நின்ற பிறகும் இந்தத் துகள்கள் சட்டென்று காந்தத் தன்மையை விடுவதில்லை, மெல்ல மெல்லத்தான் விடும். பி.ஐ. காது கொடுக்கும் அதே நேரத்தில் இந்த வால் நீண்டு கேட்கும். கருமணலில் ஊமையாக இருந்த கருவி பள்ளத்தூர்க் கொல்லையில் முனகுவது இதனால். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் தீராதா? தீராது. மெல்லிய தங்கத் தோட்டின் மின்னோட்டம் சில மைக்ரோ நொடிகளில் செத்துவிடும், மண்ணின் வாலோ மெதுவாகத்தான் தேயும். நேரத்தைக் கூட்டக் கூட முதலில் காணாமல் போவது தோடு, கடைசி வரை நிற்பது மண். கிரவுண்ட் பேலன்ஸ் உள்ள பி.ஐ.யும் உண்டு, மைன்லேப் ஜி.பி.எக்ஸ். வரிசை மாதிரி. அவை தங்க வயல்களுக்கான விலையில் வருகின்றன. கைப்பழக்கமும் எங்களுக்குக் குறைவு, அதனால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பல அதிர்வெண் வி.எல்.எஃப். இதே செம்மண்ணில் கொஞ்சம் ஆழத்தை இழக்கும், ஆனால் பேலன்ஸ் செய்தால் அடங்கிவிடும்.

இரும்பு வேறு. பழைய வளவு வீட்டைச் சுற்றி ஆணி, கீல், கொண்டி என்று தலைமுறைக் குப்பை புதைந்து கிடக்கிறது. பி.ஐ. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பாடும்; ராமேசுவரத்தில் ஊக்கும் கொண்டை ஊசியும் தங்க மோதிரத்துக்குச் சமம். வி.எல்.எஃப். எண்ணும் ஒலியும் மாற்றிக் காட்டும், கனத்த கருமணலில் அந்த எண்ணை முழுக்க நம்ப முடியாது என்றாலும். (கொல்லையில் தோண்டும்போது சட்டமும் நினைவில் இருக்கட்டும்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.)

பராமரிப்பில் மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: காயிலின் அடிமூடி. மூடிக்கும் காயிலுக்கும் நடுவே கருமணல் புகுந்து உட்கார்ந்தால், எந்த பேலன்ஸும் நிற்காது. மண் காயிலோடு கூடவே வருகிறதே. கரையை விட்டுக் கிளம்பும் முன் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயில் வயரைத் தண்டில் இறுக்கிச் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தொங்கும் வயர் ஆடினால் அதுவும் பொய்ச் சிக்னல் தரும்.

பழைய பி.ஐ. கருவி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், விற்பவர் கடற்கரையில் வைத்துத்தான் காட்டுவார், அங்கே அது சமர்த்தாகவே இருக்கும். கையோடு செம்மண்ணுக்குக் கூட்டி வந்து, வெறும் தரையில் ஒரு தடவை உயர்த்தி இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.