‘லைஃப்டைம்’ என்று விற்கும் கேம் ஐடியை வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் பூட்டு விழும்

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தம்பி காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்து, டிவியில் மாட்டி ஆடும் சோனி கேம் மெஷினான பிஎஸ்4-ஐ ஆன் செய்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமின் படத்தில் சின்னதாக ஒரு பூட்டு. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு கேம்களிலும் அதே பூட்டு. “அண்ணா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க” என்றான். அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சல் மூன்று மாதம் ஓடியது. போன காசு பெரிய தொகை இல்லை, 3,600 ரூபாய். ஆனால் இதே வியாபாரம் இன்றைக்கும் ஜோராக நடக்கிறது. எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் மே மாதம் பெருந்துறை ரோட்டில் தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. மூன்று மாதம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொழுது போகட்டும் என்று தெரிந்தவரிடம் பழைய பிஎஸ்4 ஒன்று வாங்கினேன். மெஷின் நல்ல மெஷின், அதில் குறை இல்லை. கேம்தான் விலை. சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் மூன்று கேம் எடுத்தால் 10 ஆயிரத்தைத் தாண்டும் போலிருந்தது. அப்போதுதான் தம்பியின் நண்பன் ஒருவன் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைக் காட்டினான். மூன்று கேம் சேர்த்து ‘காம்போ ஐடி’, 2,800 ரூபாய், ‘லைஃப்டைம் வாரண்டி’. கீழே நூற்றுக்கணக்கில் ‘தேங்க்ஸ் ப்ரோ’ கமெண்ட்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விற்கிறவன் உங்களுக்கு கேமை விற்பதில்லை. தன் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதில் கேமை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கின் ஐடி, பாஸ்வேர்டை உங்களிடம் கொடுக்கிறான். நீங்கள் உங்கள் மெஷினில் அந்தக் கணக்கைத் திறந்து ‘இதுதான் என் பிரைமரி பிஎஸ்4’ என்று ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால், அந்தக் கணக்கில் உள்ள கேம்களை அந்த மெஷினில் யார் வேண்டுமானாலும், அவரவர் சொந்த ப்ரொஃபைலிலேயே ஆடலாம். ஒரே வீட்டில் அண்ணன் வாங்கிய கேமைத் தங்கையும் ஆடட்டும் என்று கொடுத்த வசதி இது. ஒரு கணக்குக்கு ஒரு பிரைமரி பிஎஸ்4, அதற்கு அடுத்து வந்த மெஷினான பிஎஸ்5-இல் ஒரு பிரைமரி வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரே கேமை பிஎஸ்4 காரருக்கு ஒரு தடவை, பிஎஸ்5 காரருக்கு ஒரு தடவை விற்கலாம். அது போக ‘செகண்டரி’ என்று பாதி விலைக்கும் இன்னும் சிலருக்கு விற்பார்கள்.

ஜூன் 9-ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கு அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காரன் எங்களுக்கு ஆக்டிவேட் செய்து கொடுத்தான். வாட்ஸ்அப் வீடியோ காலில் டிவியைக் காட்டச் சொன்னான். “அத அமுக்குங்க ப்ரோ, இப்ப கோடு அனுப்பறேன், ஒரு நிமிஷத்துல போடுங்க” என்று பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தான். ஆறு இலக்க கோடு அவன் போனுக்குத்தான் போகும். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாவி அவன் கையில்தான் இருக்கிறது. ‘பாஸ்வேர்டை மாற்றினால் வாரண்டி கிடையாது’ என்று ஒரு மெசேஜும் அனுப்பினான். பணத்தை யூபிஐயில் போட்டபோது அவன் சொன்ன பெயர் ஒன்று, திரையில் வந்த பெயர் வேறொன்று. கேட்டதற்கு “அம்மா அக்கவுண்ட் ப்ரோ” என்றான். நம்பினேன்.

நூறு ஜிபிக்கு மேல் டவுன்லோட். இரண்டு ராத்திரி ஓடியது. அப்புறம் ஆறு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. கட்டுப் பிரித்து, கைத்தடி ஊன்றி நடந்து, தம்பி வேலைக்குத் திரும்பிய பிறகும் வாரக் கடைசியில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐத்தான் ஆடிக்கொண்டிருந்தான். அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருப்பான். அதில் குதிரைக்கு நாமே பெயர் வைக்கலாம். எங்கள் தாத்தா வண்டியில் பூட்டிய காளையின் பெயரான ராசா என்பதையே தன் குதிரைக்கும் வைத்திருந்தான்.

பூட்டு விழுந்த அன்று ஐடி விற்றவனுக்கு மெசேஜ் போட்டோம். “சர்வர் அப்டேட் ப்ரோ, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றான். ரெண்டு நாள் நாலு நாள் ஆனது. பிறகு பேச்சு மாறியது. நாங்கள் ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டோமாம், வாரண்டி போய்விட்டதாம், 800 ரூபாய் கட்டினால் வேறு ஐடி தருவானாம். தம்பி என்னிடம் சொல்லாமல் அந்த 800-ஐக் கட்டிவிட்டான். பாவம், கேம் திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறது. இந்த முறை வந்தது செகண்டரி ஐடி. அவன் கணக்கில் நுழைந்துதான் ஆட வேண்டும், நெட் எப்போதும் ஓட வேண்டும், அதே கணக்கில் வேறு எவனாவது நுழைந்தால் நம்மை வெளியே தள்ளிவிடும். பதினோரு நாள் இப்படி இழுத்தது. பன்னிரண்டாம் நாள் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. என் நம்பர், தம்பி நம்பர் இரண்டையும் பிளாக் செய்துவிட்டான்.

என் மெஷினில் நான் எதையுமே மாற்றவில்லையே, பின் எப்படிப் பூட்டு விழுந்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் லேப்டாப்பில் என் சொந்தக் கணக்கின் செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது விடை. கணக்கின் சொந்தக்காரர் எங்கிருந்து வேண்டுமானாலும், மெஷின் கையில் இல்லாமலே, எல்லா மெஷின்களிலும் ஆக்டிவேஷனை ஒரே சொடுக்கில் ரத்து செய்யலாம். மெஷின் தொலைந்து போனவர்களுக்காக வைத்திருக்கும் வசதி. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் செய்ய முடியும். காலண்டரை எடுத்து எண்ணினேன். ஜூன் 9-லிருந்து டிசம்பர் 15. ஆறு மாதமும் ஆறு நாளும்.

அதாவது மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த ஆறு மாதக் கெடு முடிந்ததும் எங்களைக் கழற்றிவிட்டு, அதே கேமை அதே விலைக்கு அடுத்தவருக்கு விற்றிருக்கிறான். அவருக்கு அடுத்த ஆறு மாதம். இதைத்தான் லைஃப்டைம் என்று விற்கிறார்கள். எல்லா விற்பனையாளரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஓடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அது ஓடுவது விற்றவனின் தயவில்தான்.

புகார் கொடுத்தோம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டால் எடுக்கிறார்கள், விவரம் கேட்டுப் பதிவு செய்து எண்ணும் தருகிறார்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அது நிற்கும் கணக்கை முடக்க வழி உண்டு. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அங்கே என்ன இருக்கும்? அதனால் யாராவது ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே 1930. யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப் பேச்சு, யூபிஐ ரசீது, அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்த பிறகு அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமலே போகும்.

கேம் கம்பெனியிடம் போய் நியாயம் கேட்க முடியாது. கணக்கை இன்னொருவருக்கு விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது என்பது விதி. விற்கிறவனுக்கு அதுதான் கேடயம். வாங்கியவனும் விதியை மீறியவன், வெளியே சொல்லக் கூச்சப்படுவான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கம்பெனியிடமே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டால் நிம்மதியா என்றால், அதிலும் கவனம் தேவை. யூபிசாஃப்ட் 2014-இல் ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் சர்வரோடு தொடர்பில் இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமும் அன்றோடு முடிந்தது. கொஞ்ச நாளில் பலருடைய கணக்கிலிருந்து அந்த கேமுக்கான உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். இதைப் பார்த்துக் கொதித்துப்போய் ராஸ் ஸ்காட் என்ற யூட்யூபர் ஆரம்பித்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். விற்ற கேமைக் கைவிடுவதாக இருந்தால், வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பாவில் 2025-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். முழுக்க நியாயமான கோரிக்கை, நான் அவர்கள் பக்கம்.

ஒழுங்காக நடந்துகொண்ட உதாரணமும் இருக்கிறது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் கேம் விற்பனையில் ஓடவில்லை, இரண்டே வாரத்தில் மூடினார்கள். ஆனால் வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூகுள் 2023 ஜனவரியில், நெட் வழியாகவே கேம் ஆடும் ஸ்டேடியா சேவையை மூடியபோது, தன் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. மனசிருந்தால் முடிகிறது.

கலிபோர்னியாவில் 2025-லிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பின்னால் பறித்துக்கொள்ளக் கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது, இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பட்டனில் போடக் கூடாது. அந்தச் சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை, பணம் கட்டும் இடத்தில் இதை எழுதிப் போட ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டிலும் இப்படி ஒரு வரி வேண்டும். ‘வாங்கு’ என்று எழுதியிருப்பதைப் படிக்கிற யாரும் அதை வாடகை என்று நினைக்க மாட்டார்கள்.

டிஸ்க்கின் அருமை இப்போது புரிகிறது. 2013-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கேம் மெஷினை அறிவித்தபோது, பழைய டிஸ்க்கை விற்கவும் கைமாற்றிக் கொடுக்கவும் கட்டுப்பாடு வைக்கப் பார்த்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, அதே வருஷம் ஜூனில் பின்வாங்கினார்கள். அந்த நேரத்தில் சோனி ஒரு வீடியோ வெளியிட்டது. பிஎஸ்4-இல் கேமைப் பகிர்வது எப்படி என்று காட்டும் வீடியோ. ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கு அதே சோனியின் பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் போடும் இடமே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கைக்குக் கை கொடுக்கிற வழி அடைபட அடைபட, ஐடி விற்கிறவனிடம் போகிற கூட்டம் இன்னும் கூடத்தான் செய்யும். படிக்கிற பையன் 4 ஆயிரத்துக்கும் 5 ஆயிரத்துக்கும் எங்கே போவான்?

உங்கள் மெஷினில் டிஸ்க் போடும் இடம் இருந்தால் பழைய டிஸ்க் வாங்குங்கள். வாங்கும் முன் அந்த கேம் நெட் இல்லாமல் ஓடுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வசதி இல்லையென்றால், உங்கள் சொந்தக் கணக்கில், ஸ்டோரில் தள்ளுபடி வரும் வரை பொறுத்திருந்து வாங்குங்கள். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு ஜிஓஜி என்ற கடை இருக்கிறது. அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம். யார் கேட்டாலும், என்ன சலுகை சொன்னாலும், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையோ கோடையோ கொடுக்காதீர்கள்.

2025 மார்ச் மாதம் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பழைய டிஸ்க் கிடைத்தது, 1,200 ரூபாய். பிஎஸ்4-க்கு அது இரண்டு டிஸ்க்காக வரும். முதலாவதைப் போட்டு ஏற்றி முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தம்பி ஆடிய ஆட்டமெல்லாம் அவன் சொந்த ப்ரொஃபைலில்தானே சேமித்திருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆசையாக இருந்தோம். தொடரவில்லை. அந்த ஐடிக்காரன் விற்றது அமெரிக்கக் கணக்கில் வாங்கிய கேம், இங்கே கிடைக்கும் டிஸ்க் வேறு ரீஜன், அதாவது வேறு நாடுகளுக்கான பதிப்பு. அதில் சேமித்ததை இது எடுத்துக்கொள்ளாது. அந்த அறுபது மணி நேர ஆட்டம் இன்னும் மெஷினில்தான் கிடக்கிறது, திறக்கத்தான் வழியில்லை.

தம்பி ஒன்றும் பேசவில்லை. புதிதாக ஆரம்பித்து, பனி மலையில் வரும் முதல் அத்தியாயத்தைத் திரும்ப ஆடி முடித்தான். ஊர் வந்ததும் லாயத்துக்குப் போய் ஒரு குதிரை வாங்கினான். பெயர் கேட்டதும் ராசா என்றே அடித்தான்.