பைதான் டியூட்டர்: நெக்ஸ்ட் அமுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

முதலாண்டு மாணவர்களுக்கு புரோகிராமிங் நடத்துகிறவர்கள் வகுப்பில் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது பைதான் டியூட்டர். பிலிப் குவோ 2010-இல் தொடங்கிய இலவச இணையக் கருவி இது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். புரோகிராமின் கோட் வரிகளை அதில் ஒட்டி ஓடவிட்டு நெக்ஸ்ட் பொத்தானை அமுக்கினால், வரிக்கு வரி மெமரியில் என்ன நடக்கிறது என்று படமாகக் காட்டும். பெயரில்தான் பைதான்; ஜாவா, சி, சி++, ஜாவாஸ்கிரிப்டும் ஓடும்.

இதன் அருமை தெரிய மூன்று வரி போதும். முதல் வரியில் அ = [1, 2, 3]. அடுத்து ஆ = அ. மூன்றாவது வரியில் ஆ-வின் கடைசியில் 4-ஐச் சேர்க்கிறோம். (பைதான் 3-இல் தமிழ் எழுத்தையே வேரியபிள் பெயராக வைக்கலாம், தாராளமாக ஓடும்.) இப்போது அ-வில் என்ன இருக்கும்? என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் [1, 2, 3] என்பார்கள். ஆ-வுக்குத் தனி நகல் கிடைத்துவிட்டது என்று நினைப்பு. கருவியிலோ, இரண்டாவது வரி ஓடியதும் இடப்பக்கம் அ, ஆ என்று இரண்டு பெயர்கள், வலப்பக்கம் ஒரே ஒரு லிஸ்ட், இரண்டு அம்புகளும் அதையே குத்தி நிற்கும். அதனால் ஆ-வில் சேர்த்த 4 அ-விலும் தெரியும். போர்டில் நான் வரைந்தால் "சார், அது நீங்க வரைஞ்சதுதானே" என்று ஒருவன் முகத்திலாவது தெரியும். இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் புரொஜெக்டரில் போட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனால் அது வெறும் படம் காட்டுவதுதான். எல்லாரும் தலையாட்டுவார்கள், தேர்வில் அதே தப்பு வரும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாசூர் 1990-களில் பரப்பிய முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. முதலில் தனித்தனியாக விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும், அப்புறம் மறுபடி வாக்கு. அதற்குப் பிறகே நான் பொத்தானைத் தொடுவேன். "ஆ-வை மாத்தினா அ ஏன்டா மாறணும்?" என்று பின்பெஞ்சில் சண்டை கிளம்பினால் வகுப்பு சரியாகப் போகிறது. முதல் வாக்கிலேயே ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால், விவாதத்தை இழுக்காமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

பின்னோக்கிப் போகும் பொத்தான் தனிப் பாராட்டுக்கு உரியது. கோட் முழுவதையும் கருவி முதலிலேயே ஓட்டிப் பதிந்துவைத்துக்கொள்வதால், எந்த ஸ்டெப்புக்கும் திரும்பலாம். ரிகர்ஷனில், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்போது, ஃப்ரேம்கள் (ஒவ்வொரு அழைப்பின் வேரியபிள்களையும் காட்டும் பெட்டிகள்) ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு ஒவ்வொன்றாக விலகுவதை இரண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

குறைகளும் உண்டு. சுமார் 1000 ஸ்டெப்புகளுக்கு மேல் ஓடாது. பெரிய லைப்ரரிகள், ஃபைல் படிப்பது எல்லாம் இங்கே நடக்காது. டேட்டா கொஞ்சம் கூடினாலும் அம்புகள் சிக்கிக்கொள்ளும். கைப்பேசித் திரையில் கேட்கவே வேண்டாம். அப்புறம், இது கோட் படிக்கத்தான் பழக்கும், எழுத அல்ல. எழுதுவதற்கு, வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லும் பார்சன்ஸ் கணக்குகளைத் தனியாகக் கொடுக்கிறேன்.

நீங்களும் முயன்றால், அந்த மூன்று வரியோடு விட்டுவிடாதீர்கள். ஆ = அ என்பதை ஆ = அ[:] என்று, அதாவது லிஸ்டை நகலெடுக்கும்படி மாற்றி, அம்புகள் இப்போது எங்கே போகும் என்று முதலில் தாளில் வரையச் சொல்லுங்கள்.