ஓசிடியைத் திறக்காமலே லென்ஸ் பேசுகிறார்கள்

வெளிநாட்டில் மாதக்கணக்கில் இழுக்கும் கண் ஸ்கேன், ஊரில் காலையில் எழுதினால் மதியம் கையில். அந்த வேகத்துக்குக் கும்பிடு போடலாம். வயிற்றெரிச்சல் எல்லாம், புரை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் கவுன்சலிங் மேசையில்தான்.

புரையையும் விழித்திரையையும் ஒரே ஆபரேஷனில் முடிக்க வேண்டிய கண். மாகுலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, மேல் சவ்வு படர்ந்து சுருக்குகிறது. விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் படம் ஃபைலிலேயே இருக்கிறது. அதைத் திறக்கவில்லை. லென்ஸ் வகைகளைப் போட்ட அட்டையின் கடைசி வரிசையில் விரலை வைத்து, "வெளிநாட்டுல இருக்கீங்க சார், மல்டிஃபோகலே போட்டுடலாம், கண்ணாடியே வேணாம்" என்கிறார்கள். முன்பெல்லாம் டாக்டரே சீட்டின் பின்பக்கம் கண்ணை வரைந்து காட்டுவார்.

மல்டிஃபோகல், உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. மாகுலா நன்றாக இருந்தால் சமாளிக்கும். சவ்வு இழுத்த மாகுலாவில் கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே குறைவு. பங்கு போட்டால் பார்வை இன்னும் மங்கும். இந்தக் கண்ணுக்கு, ஒரே தூரத்துக்கு மட்டும் குவிக்கும் மோனோஃபோகல்தான்.

லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது என்றும் கேளுங்கள்: தண்ணீர் ஒட்டாத ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக்தான் வேண்டும். பின்னாளில் கண்ணுக்குள் சிலிகான் ஆயில் நிரப்ப நேர்ந்தால், சிலிகான் லென்ஸில் அது ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. தண்ணீரை உறிஞ்சும் ஹைட்ரோஃபிலிக் வகையில், விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் நிரப்பும் கேஸ் பட்டுச் சுண்ணாம்புச்சத்து படிந்து லென்ஸே வெளுக்கலாம்.

பவர் கணக்கு இன்னொரு கண்ணி. மாகுலா தடித்திருந்தால் அல்ட்ராசவுண்ட் ஏ-ஸ்கேன் கண்ணின் நீளத்தைக் குறைத்துக் காட்டும். 0.1 மி.மீ. பிசகினாலே பவர் ஏறக்குறைய கால் டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) தப்பும். லென்ஸ் பவர் கூடிப்போய்க் கிட்டப்பார்வையில் நிற்கும். ஒளியால் அளக்கும் பயோமெட்ரி இருக்கிறதா என்று கேளுங்கள். மாகுலாவோடு விழித்திரை கழன்றிருந்தால் பெரும்பாலும் அடுத்த கண்ணின் நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கேஸ் வைத்தால் அது லென்ஸை முன்னே தள்ளும். அரை டயாப்டர் வரை கிட்டப்பார்வைப் பக்கம் சாயலாம். டாக்டர் அதற்கும் இடம் விட்டுத்தான் பவரை எழுதுவார். ஆகவே கேஸ் உண்டா இல்லையா என்று தெரியாமல் மேசையில் லென்ஸை முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை.

இத்தனை பேச்சிலும் ரிட்டர்ன் டிக்கெட் எப்போது என்று யாரும் கேட்கவில்லை! எஸ்எஃப்6 என்ற வகை கேஸ் கரைய 2 வாரம்போல ஆகும்; சி3எஃப்8 வகை என்றால் 6 முதல் 8 வாரம். விமானம் மேலே ஏறினால் கேபின் அழுத்தம் குறையும், கேஸ் விரியும், கண் அழுத்தம் எகிறி விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிடலாம். கேஸ் முழுக்கப் போய்விட்டது என்று ரெடினா டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பறக்கவே கூடாது. தேதி மாற்ற முடியாத டிக்கெட் வைத்திருப்பவர்கள் லென்ஸ் அட்டையைக் கையில் வாங்கும் முன்பே அதைச் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.